வலது பக்கப் பாக்கெட்

மணிமொழி ஜவுளிக்கடை வேலையை விட்ட மறுவாரம்தான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது.

அதுவரைக்கும் காலையில் என்ன உடுத்துவது என்று அவள் யோசித்ததே கிடையாது. திருவண்ணாமலையில் கடைவீதியிலுள்ள பெரிய ஜவுளிக்கடையில், புடவைப் பிரிவில் பல வருஷமாக நின்றாள். கடையே சீருடை கொடுத்தது. மெரூன் நிறத்தில் வழுவழுவென்று ஒரு புடவை, அதே நிறத்தில் ரவிக்கை, மார்பில் பெயர் எழுதிய பட்டை. வருகிற பெண்களுக்கெல்லாம் இது உங்கள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும், அது உங்கள் உயரத்துக்குச் சரிவராது என்று பிரித்துப் பிரித்துப் போட்டுக் காட்டியவள், மாலையில் வீட்டுக்கு வந்ததும் நைட்டிக்குள் புகுந்துவிடுவாள். விசேஷத்துக்குக் கட்ட வேண்டியதை நாத்தனார் கவிநிலா பார்த்துக்கொண்டாள். கவிநிலா ஆரணிக்குப் போய்ப் பட்டு எடுத்தால் அண்ணிக்கும் சேர்த்து எடுப்பாள். ரவிக்கைக்கு எந்த மாதிரி கழுத்து, எந்த இடத்தில் மணி கோப்பது என்பதையும் அவளே தையல்காரியிடம் சொல்லிவிடுவாள். மணிமொழிக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததில்லை. ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்திருந்தாள்.

புது வேலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் தெருவில் இருந்த ஒரு தங்கும் விடுதியில். வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அறை ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை என்பதே அவள் கால்களுக்குப் பெரிய விஷயம். சீருடை உண்டா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை, உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று மேனேஜர் சுப்பிரமணி சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் காலை பீரோவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அடுக்கடுக்காகப் புடவைகள். இது கவிநிலா எடுத்தது. இது அம்மா தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. இது கடையில் ஊழியர்களுக்குத் தள்ளிவிட்டது. இது கணவன் மூர்த்தி, பச்சை என்று நினைத்து நீலத்தில் வாங்கி வந்தது. ஒன்றை எடுத்துக் கட்டினாள், அவிழ்த்தாள். இன்னொன்றைக் கட்டினாள். கண்ணாடியில் நின்றவள் யாரோ வீட்டு விசேஷத்துக்குப் போகிற பெண்ணாக இருந்தாள். கட்டில் மேல் துணி மலையாகக் குவிந்தது. பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடிக்க, மகள் தானாகவே தலை பின்னிக்கொண்டு ஓடினாள். எதையாவது போடு, நேரமாகுது என்று மூர்த்தி வெளியிலிருந்து பைக்கை உறுமவிட்டான்.

அன்று கட்டிக்கொண்டு போன புடவை நாள் முழுக்க உடம்பில் முள்ளாய்க் குத்தியது. துணியில் குற்றமில்லை. நல்ல பருத்திதான்.

பிறகு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தாள். சுடிதார் போட்டுப் பார்த்தாள்; துப்பட்டாவை எங்கே வைப்பதென்று கை ஓயாமல் அலைந்தது. ஆசிரமத்துக்கு எதிர்ப்பக்கக் கடைகளில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிற தொளதொளப்பான காற்சட்டையும் நீளமான ஜிப்பாவும் வாங்கினாள். அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகும்போது எவ்வளவு இலகுவாக இருக்கிறது. தான் போட்டபோது யாரிடமோ இரவல் வாங்கியது மாதிரி இருந்தது. அந்த உடையில் பஸ்ஸில் ஏறியவளிடம் கண்டக்டர் ஹிந்தியில் டிக்கெட் கேட்டார். தமிழில் பதில் சொல்ல அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போனில் புடவை கட்டும் விதம் பற்றிய காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினாள். பெல்ட் போட்டுக் கட்டுவது, முந்தானையைக் கழுத்தில் சுற்றுவது எல்லாவற்றையும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்து பார்த்தாள். பையில் மாற்று உடை ஒன்றை எப்போதும் வைத்திருக்கும் பழக்கம் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உடை மாற்றிக்கொண்டு வந்து உட்காரும் அவளைப் பார்த்து, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று சுப்பிரமணி விசாரித்தார்.

முப்பத்தாறு வயதில் இது என்ன கிறுக்கு என்று அவளுக்கே கோபம் வந்தது. ஆனால் விட முடியவில்லை. தெருவில் போகிறவர்களின் முகத்தைவிடத் துணியைத்தான் கண் முதலில் பார்த்தது. அவரவருக்கு எது பொருந்துகிறது என்று சட்டென்று சொல்லத் தெரிந்தது. தனக்கு மட்டும் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், விடுதி மாடித் தொட்டிக்குப் போகிற குழாய் வரவேற்பறைச் சுவருக்குப் பக்கத்தில் வெடித்தது. கணினியைக் காப்பாற்ற ஓடியவள் தோள் முதல் இடுப்பு வரை நனைந்துபோனாள். மாற்று உடை கொண்டுவர அன்றைக்கென்று மறந்திருந்தாள். காலையில் இஸ்திரிக் கடையிலிருந்து வாங்கிய மூர்த்தியின் முழுக்கைச் சட்டை மட்டும் பையில் இருந்தது. வெள்ளையில் மெல்லிய நீலக்கோடு போட்டது. வேறு வழியில்லாமல் ஈர ரவிக்கையைக் கழற்றிவிட்டுச் சட்டையை மாட்டி, கையை முழங்கை வரை மடித்துவிட்டு, அதன் மேல் முந்தானையைப் போட்டுக் குத்தினாள். கட்டியிருந்தது காப்பிக்கொட்டை நிறப் பருத்திப் புடவை.

கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தாள். காலர் கழுத்தோடு நிமிர்ந்து நின்றது. பார்த்தவள் வழக்கம்போல எதையும் இழுத்துவிடவில்லை, சரி செய்யவில்லை. திரும்பிப் போய் வேலையைப் பார்த்தாள். புதிதாக வந்தவர்களுக்கு அறை காட்டினாள், குழாய் ரிப்பேர்காரரோடு சண்டை போட்டாள். தான் என்ன உடுத்தியிருக்கிறோம் என்பதையே சாயங்காலம் வரை மறந்துபோயிருந்தாள். அப்படி மறந்திருந்தோம் என்பது ஆட்டோவில் ஏறும்போதுதான் உறைத்தது. உடனே உள்ளே ஒரு குதூகலம் கிளம்பி, சும்மா உட்காரவிடாமல் செய்தது.

அந்தக் குதூகலத்தோடுதான் அடி அண்ணாமலைக்குப் போனாள். அங்கே அவள் அம்மா ராணியம்மாள் தனியாக இருந்தாள். வாரம் ஒருமுறை போய்ச் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டு வருவது மணிமொழியின் வழக்கம். ராணியம்மாள் இளவயதில் நடவுக்கும் களைக்கும் மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் கூலிக்குப் போய் மகளை டிகிரி வரை படிக்க வைத்தவள். இப்போதும் கிரிவலப் பாதைக்கு வருவதென்றால்கூடப் புடவையை இஸ்திரி போடாமல் வெளியே வரமாட்டாள்.

வாசலில் வந்து நின்ற மகளை அவள் மேலும் கீழும் பார்த்தாள். மாத்திரையை வாங்கவில்லை.

"இன்னாடி இது கோலம்?"

குழாய் வெடித்த கதையை மணிமொழி சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது, இதையே தினமும் போட்டுக்கொண்டால் என்ன என்றும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான் சட்டைய போட்டுக்கினு வெயில்ல நின்னது பத்தாதா உனக்கு?" ராணியம்மாளின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அது நம்ம ஊட்டு சட்டைனு நெனச்சியா? நெலத்துக்காரன் போட்டுக் கிழிச்சத எங்கிட்ட வீசுவாங்க. எத்தினி வாட்டி தோச்சாலும் அந்தாளு வேர்வை நாத்தம் போவாது. மல்லாட்ட செடி கைய அறுக்கும்னு வேற வழியில்லாம போட்டேன். பஸ்ஸுல டவுனுக்கு வர்றதுனா, ஏறதுக்கு முன்னாடி கழட்டி சுருட்டி பையில வெச்சிக்குவேன். ஒருத்தன் என்ன அதோட பாக்கக் கூடாதுனு. நீ அத மாட்டிக்கினு ஊரு பூரா சுத்திட்டு வர."

அம்மா சட்டையோடு வயலில் நின்றது மணிமொழிக்குச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம்தான். அது யாருடையது என்று கேட்டதேயில்லை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி, அம்மாவின் ரவிக்கை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். ராணியம்மாள் அதற்குப் பிறகுதான் மாத்திரையை வாங்கினாள்.

சட்டை விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் இருந்தாள். ஆனால் மறுநாள் விடுதியில், பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். நேற்று அந்தச் சட்டையில் மிகவும் அழகாக இருந்தீர்கள், வயலில் வேலை செய்யும் பெண்களின் தோற்றம், மண்ணின் மணம், இன்றைக்கும் போட்டுக்கொள்ளுங்கள், மலை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஆசையாகக் கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். மணிமொழிக்குச் சுருக்கென்றது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாவிகளை எடுத்து இன்னொரு தரம் அடுக்க ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கு அது அவமானம். பெங்களூர்க்காரிக்கு அது வேடிக்கை. அப்படியானால் எனக்கு அது என்ன?

பல நாள் அந்தக் கேள்வி அவளை அலைக்கழித்தது. சோற்றைக் கிளறிக்கொண்டே நிற்பாள், மூர்த்தி கேட்டதற்கு வேறு ஏதோ பதில் சொல்லுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர்த்தியின் சட்டையைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, வாடிக்கைக்காரிகளை எடைபோட்ட அதே கண்ணால் தன்னைப் பார்த்தாள். வயலும் மண்ணும் அவள் மனதில் இல்லவே இல்லை. காலர் பிடித்திருந்தது. முழங்கைக்கு மேல் இறுக்கிப் பிடிக்காத கை பிடித்திருந்தது. பேனாவும் போனும் வைக்க ஒரு பாக்கெட். முதுகைக் காட்டுகிறதா, வயிறு தெரிகிறதா என்கிற நினைப்பே இல்லாமல் குனிந்து நிமிர முடிந்தது. தோள் மட்டும் சரியில்லை. மூர்த்தியின் தோள் அகலம், அவளுக்கு வழிந்து தொங்கியது. அதாவது இது அவளுடையது இல்லை. அவளுக்கு வேண்டியது அவளுடைய சட்டை.

அன்றைக்கே தேரடித் தெருவுக்குப் போய்ச் சட்டைத்துணிக் கடையில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்குத் துணி விரித்துப் போட்டவள், தனக்காக விரித்துப் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் வீட்டுக்காரருக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றாள். விரலில் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடுகு மஞ்சளில் கறுப்பு இழை ஓடுகிற ஒரு பருத்தித் துணியை எடுத்தாள்.

துணி எடுத்தது எளிது, தைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. ரவிக்கை தைக்கிற பெண், எனக்குக் காலர் வராது அக்கா என்று கைவிரித்தாள். ஆண்களுக்குத் தைக்கிற திருமலை, நாங்கள் லேடீஸ் தைப்பதில்லை என்று இயந்திரத்திலிருந்து தலையே தூக்கவில்லை.

"லேடீஸ் இல்லீங்க. சட்டை. நீங்க தினம் தைக்கிறதுதான்" என்றாள் மணிமொழி.

கடைசியில் தன் மனைவியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார். பாக்கெட் வலது பக்கம் வேண்டும் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. சட்டைக்குப் பாக்கெட் இடது பக்கம்தான், உலகம் பூரா அப்படித்தான் என்றார். இடது பக்கம் முந்தானை மூடிக்கொள்ளுமே, பாக்கெட்டில் கை எப்படிப் போகும் என்று கேட்டாள். அவர் தன் மனைவியின் முந்தானையைப் பார்த்துவிட்டுச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். ஆனால் தைத்து வந்தபோது, பெண்களுக்கு என்ற நினைப்பில் இடுப்பை ஒட்டிப் பிடித்திருந்தார், கைக்குச் சின்னதாகப் பட்டை வைத்து அழகுபடுத்தியும் இருந்தார். மணிமொழி பிரிக்கச் சொன்னாள். நன்றாக இருக்கிறதே என்று அவர் வாதாடினார். நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை என்றாள். அப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வந்ததை நினைத்து வழி நெடுகச் சிரித்தாள்.

சட்டை திருத்தி வந்த அதே வாரம் கவிநிலா வந்தாள். தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மூர்த்தி, அவன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வரவேண்டியவள் மணிமொழி. வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி ரோஸ் நிறப் பட்டு எடுத்திருந்தாள் கவிநிலா. மணிமொழியின் பங்கை, கையில் கண்ணாடி பதித்துத் தைத்த ரவிக்கையோடு சேர்த்து நீட்டினாள்.

வழக்கம்போல வாங்கி பீரோவில் வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. இந்தத் தடவை நான் எனக்குப் பிடித்ததைக் கட்டிக்கொண்டு வருகிறேனே கவி என்று மணிமொழி மெதுவாகச் சொன்னாள். என்ன என்று கேட்டதற்குச் சட்டையை எடுத்துக் காட்டினாள்.

கவிநிலாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இத்தினி வருஷமா நான் எடுத்துக் குடுத்ததெல்லாம் புடிக்காமதான் கட்டினீங்களா அண்ணி?"

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அதுவும் பொய். பிடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டதேயில்லை என்பதுதான் நிஜம். அதைச் சொல்லத் தெரியாமல் மணிமொழி திணற, கவிநிலா புடவையைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். ஒரு நாள் கூத்துக்கு ஏன் இத்தனை ரகளை, அதைக் கட்டிக்கொண்டு வந்து தொலைத்தால் என்ன என்று மூர்த்தி அன்று பூராவும் முணுமுணுத்தான். அவனுக்குத் தங்கை முகம் வாடியது தாங்கவில்லை.

காதுகுத்து அன்று காலை வரை மணிமொழி முடிவெடுக்கவில்லை. ரோஸ் பட்டைக் கட்டிப் பார்த்தாள். மடிப்பெல்லாம் கச்சிதமாக வந்தது. அழகாகவும் இருந்தது. சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தாள். கால் கூடத்தைத் தாண்டவில்லை. திரும்ப வந்து அவிழ்த்தாள். காப்பிக்கொட்டை நிறப் புடவையும் கடுகு மஞ்சள் சட்டையுமாக அவள் வெளியே வந்தபோது மூர்த்தி பைக்கை எடுத்தான். வழியில் சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்து, உனக்கு நல்லாத்தான் இருக்கு என்றான். ஆனால் குரலில் கிலி இருந்தது.

மண்டபத்தில் அவள் சீர்த்தட்டோடு நுழைந்ததும் பேச்சு சற்றுக் குறைந்து, பிறகு ஜாஸ்தியானது. ரோஸ் வரிசையில் அவள் மட்டும் தனியாகத் தெரிந்தாள். ஃபோட்டோகிராபர், அக்கா நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்க என்றார். தாய்மாமன் பொண்டாட்டி எப்படிப் பின்னால் நிற்பது என்று மூர்த்தியே அவளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். குழந்தை வீறிட்டு அழுது, மாமன் மடியில் காது குத்தி முடிந்தது. கவிநிலா இந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ராணியம்மாள் சம்பந்தி வீட்டுக்காரியாகப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்தது முதல் அவள் முகம் இறுகியிருந்தது. மணிமொழி அவளுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். எதிர்வரிசையில் மூர்த்தி வழிச் சொந்தத்தில் சந்திரம்மாள் என்றொருத்தி இருந்தாள். எந்த வீட்டு விசேஷத்திலும் ஒருத்தரையாவது அழவைத்துவிட்டுப் போகிற வாய். அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னா ராணி, உன் பொண்ணு கொல்லியில களை எடுத்துட்டு நேரா பந்திக்கு வந்துட்டாளா?" என்றாள்.

சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. தனக்கு வந்தால் பரவாயில்லை, அம்மாவுக்கு இது வரவேண்டுமா? எழுந்துவிடலாம் என்று மணிமொழி இலைக்குப் பக்கத்தில் கையை ஊன்றினாள்.

ராணியம்மாள் சாம்பாரைப் பிசைந்தபடி நிமிர்ந்தாள்.

"கொல்லிக்கு நான் போட்டது அடுத்தவன் சட்டை. இது அவளுக்குனு அளவெடுத்துத் தச்சது. தோளப் பாரு, எப்பிடி ஒக்காந்துக்குதுனு. உன் ரவிக்கை தோள்ல நிக்குதா மொதல்ல?"

சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. சந்திரம்மாள் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அப்பளம் கேட்டாள்.

மணிமொழி இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ராணியம்மாள் அவள் பக்கம் திரும்பாமலே, எனக்கு இது பிடிக்கவேயில்லை, அதை நினைப்பில் வைத்துக்கொள் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். கையில் பாயசம் வழிகிறது, சட்டைக் கையை இன்னும் மேலே மடித்துவிடு, கறை போகாது என்றும் சொன்னாள்.

எல்லாரும் கிளம்புகிற நேரம். கவிநிலா வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தாள். மணிமொழியின் முறை வந்ததும் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினாள். மணிமொழி வாங்கிக்கொண்டு நகரவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"அந்த ரோஸ் புடவையைக் குடுத்துடுங்க அண்ணி. வேற யாருக்காவது ஆகும்" என்றாள் கவிநிலா.

"தரமாட்டேன். நல்ல புடவை அது. ரவிக்கைய மட்டும் எடுத்துக்க."

கவிநிலா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் குறைந்திருக்கவில்லை. அவள் கண் காலரில் தொடங்கி, தோளில் இறங்கி, வலது பக்கப் பாக்கெட்டில் வந்து நின்றது. துணியை எடைபோடுவதில் அவளும் சளைத்தவள் இல்லை.

"ரோஸுக்கு இந்த மஞ்சள் ஒத்துவராது" என்றாள் கடைசியில், வெடுக்கென்று.

"தெரியும்" என்றாள் மணிமொழி. "வேற துணிதான் எடுக்கணும். சாம்பல் நிறம் ஒண்ணு மனசுல ஓடிக்கினே இருக்குது. கொஞ்சம் மங்கலா, கோடு இல்லாம."

கவிநிலா அடுத்தவருக்குப் பையை எடுத்து நீட்டினாள். வெளியே மூர்த்தி பைக்கில் காத்திருந்தான். பின்னால் ஏறி உட்கார்ந்ததுமே, தேரடித் தெரு வழியாகப் போகச் சொன்னாள் மணிமொழி. சட்டைத்துணிக் கடை திறந்திருக்குமா என்று அவளுக்கு அதற்குள் பரபரப்பு தொற்றிவிட்டிருந்தது.